கணக்கை அழிக்கும் முன் ஒரு நகல்

போன வருடம் எங்களோடு களத்தில் வேலை செய்யும் இளம் தோழர் ஒருவர் தன்னுடைய சமூக ஊடகக் கணக்கை அழித்தார். ஆறு வருடக் கணக்கு. ஒரு கிராமத்தில் கோயில் திருவிழாவை ஒட்டிக் காலனி மக்கள் தாக்கப்பட்டதை அவர் எழுதியிருந்தார். அதற்காக மூன்று நாள் விடாமல் வசை வந்தது. சாதியைச் சொல்லி, உடலைச் சொல்லி, வீடு இருக்கும் தெருவைச் சொல்லி. நான்காம் நாள் இரவு யாரிடமும் சொல்லாமல் கணக்கை மொத்தமாக நீக்கிவிட்டுப் படுத்துவிட்டார். எங்களில் ஒருவரும் அவரைக் குறை சொல்லவில்லை. நிம்மதியாகத் தூங்க நினைப்பதில் என்ன குற்றம்?

இரண்டு மாதம் கழித்து வழக்கறிஞர் கேட்டார்: "சம்பவத்துக்கு மறுநாள் காலையில எடுத்துப் போட்டீங்களே, அந்தப் படமெல்லாம் எங்கம்மா?" படம் எடுத்த போன் அதற்குள் பழுதாகி, எக்ஸ்சேஞ்சில் போய்விட்டிருந்தது. கணக்கை மீட்டெடுக்கும் கெடுவும் தாண்டிவிட்டது. வசைபாடியவர்கள் மீது புகார் கொடுக்கலாம் என்றால், அந்த வசைகளும் அவருடைய பதிவுகளின் கீழேதான் இருந்தன. பதிவோடு அவையும் போய்விட்டன. அடித்தவனுக்கும் திட்டியவனுக்கும் எதிராக நம் கையில் இருந்த சான்றை நாமே ஒரு பொத்தானை அழுத்தி அழித்திருக்கிறோம் என்பது அன்றுதான் உறைத்தது.

அதன் பிறகு எங்கள் பயிற்சி முகாம்களில் "கணக்கை அழிக்கும் முன் நகல் எடு" என்று ஒரு வகுப்பைச் சேர்த்தோம். முதலில் அதைக் கம்ப்யூட்டர் வகுப்பாகத்தான் நடத்தினோம். எந்தப் பொத்தான், எந்தப் பக்கம் என்பதோடு முடித்துக்கொண்டோம். ஆனால் மாணவர்கள் கேட்ட கேள்வி வேறாக இருந்தது: "நாம் போட்ட போஸ்டுக்கெல்லாம் என்ன பெரிய மதிப்பு இருக்கு? எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?" அந்தக் கேள்விக்குப் பதில் செட்டிங்ஸ் பக்கத்தில் இல்லை, நம் வரலாற்றில் இருக்கிறது.

எழுதினோம், பிரதி தங்கவில்லை

தமிழில் தலித் மக்கள் நடத்திய இதழ்களின் வரலாறு 1869இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு 'சூரியோதயம்' என்ற இதழ் வந்தது. அப்படி ஒன்று வந்தது என்பதே பின்னாளில் அயோத்திதாசர் எழுதிய குறிப்பால்தான் நமக்குத் தெரிகிறது. இதழின் ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. 1869 முதல் 1943 வரை வெளிவந்த தலித் இதழ்களைத் தேடித் தொகுத்து ஜெ. பாலசுப்பிரமணியம் ஒரு நூலே எழுதியிருக்கிறார். அதைப் படிக்கிறவர்களுக்கு இரண்டு உணர்வு வரும். இத்தனை இதழ்களா நடத்தினோம் என்ற பெருமிதம் ஒன்று. இவற்றில் எத்தனை வெறும் பெயராக மட்டும் மிஞ்சியிருக்கின்றன என்ற வலி இன்னொன்று.

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்ற இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக வைத்து, 1900 வரை ஏழாண்டுகள் நடத்தினார். அந்த இதழைப் பற்றி இன்று நாம் பேசுவதில் பெரும்பகுதி, அவர் 1939இல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற சிறு நூலில் அவரே சொன்னதுதான். இதழின் முழுத் தொகுப்பு நம்மிடம் இல்லை. ஒரு மனிதர் தன் எண்பதாவது வயதை நெருங்கும்போது நினைவிலிருந்து எழுதியிராவிட்டால் அதுவும் இருந்திருக்காது.

இதற்கு நேர்மாறான கதை அயோத்திதாசருடைய 'தமிழன்'. 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற பெயரில் வார இதழாக வந்தது. ஓராண்டில் 'தமிழன்' ஆனது. 1914இல் அவர் மறையும்வரை தொடர்ந்து வந்தது. அதற்குப் பிறகு எண்பதாண்டுக்கு மேல் பொதுப் பேச்சில் அவர் பெயரே பெரிதாக இல்லை. 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வந்த பிறகுதான் அவர் மீண்டும் நம் வகுப்பறைக்குள்ளும் மேடைக்கும் வந்தார். அந்தத் தொகுப்பு எதை வைத்து உருவானது? அன்பு பொன்னோவியம் போன்றவர்களும், கோலார் தங்கவயல் முதலான இடங்களில் இருந்த பௌத்தக் குடும்பங்களும் பழைய இதழ்களைப் பத்திரப்படுத்தி வைத்திருந்ததால் உருவானது. தாங்கள் ஓர் ஆவணக்காப்பகம் நடத்துகிறோம் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். இது நம்முடையது, தூக்கிப் போடக்கூடாது என்று நினைத்தார்கள். அவ்வளவுதான்.

சமூகவியல் வகுப்பில் ஆவணக்காப்பகம் என்பது அதிகாரத்தின் கிடங்கு என்று படித்தோம். அரண்மனை, மடம், கலெக்டர் ஆபீஸ் ஆகியவற்றுக்கு ஓட்டு வீடும் இரும்புப் பெட்டியும் இருந்தன. சேரிக்கு ஓலைக்கூரை இருந்தது. கூரைக்குத் தீ வைப்பது சாதி வெறியின் பழைய ஆயுதம். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனி எரிக்கப்பட்டபோது பீரோவும் நகையும் மட்டுமா போயின? பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களும் சேர்ந்து எரிந்தன. எரிந்த சான்றிதழுக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்க முடிகிறது என்றால், வேறோர் இடத்தில் அதன் பதிவேடு இருப்பதால்தான் முடிகிறது. நகல் என்பதன் பொருள் இதுதான்: ஓரிடம் எரிந்தாலும் இன்னோரிடத்தில் இருப்பது.

அண்ணலின் காகிதங்களுக்கே நேர்ந்தது

எளியவர்களுக்குத்தான் இப்படி, பெரிய தலைவர்கள் எழுதியது பத்திரமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 1956 டிசம்பர் 6 அன்று அண்ணல் அம்பேத்கர் மறைந்தார். இந்திய அரசமைப்பின் வரைவுக் குழுத் தலைவர், நாட்டின் முதல் சட்ட அமைச்சர். அவருடைய கையெழுத்துப் படிகள் பல ஆண்டுகள் வழக்குகளுக்கும் பெட்டிகளுக்கும் இடையில் கிடந்தன. அவர் வாழ்ந்த டெல்லி அலிப்பூர் சாலை 26ஆம் எண் வீட்டிலிருந்த காகிதங்களில் ஒரு பகுதி, 1967இல் அந்த வீட்டு அறைகள் காலி செய்யப்பட்டபோது வெளியே வீசப்பட்டு மழையில் நனைந்து பாழானதை அவருக்கு அணுக்கமானவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவற்றில் என்னென்ன இருந்தன என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

மிஞ்சியவற்றைச் சேகரித்து, வசந்த் மூன் பதிப்பாசிரியராக இருந்து, மகாராஷ்டிர அரசு முதல் தொகுதியை வெளியிட்டது 1979இல். அவர் மறைந்து 23 ஆண்டுகள் கழித்து! இன்று நாம் போனில் பிடிஎஃப்பாக வைத்துப் படிக்கும் தொகுதிகள் அந்த உழைப்பில் வந்தவை. அண்ணலின் காகிதத்துக்கே இந்தக் கதி என்றால், நம் முகநூல் பதிவை யார் காப்பாற்றப் போகிறார்கள்?

வாடகை வீடுகள்

இணையம் வந்தபோது, இனி நம் எழுத்து அழியாது என்று நம்பினோம். அச்சகம் வேண்டாம், ஆசிரியர் வேண்டாம், எந்தப் பத்திரிகை அலுவலகத்தின் வாசலிலும் நிற்க வேண்டாம். உண்மைதான். ஆனால் நாம் குடியேறியது வாடகை வீட்டில். வீட்டுக்காரர் நினைத்தால் காலி செய்யச் சொல்லலாம், இடித்தும் போடலாம்.

2004இல் கூகுள் தொடங்கிய ஆர்குட், இந்தியாவிலும் பிரேசிலிலும் பெரிதாகப் பரவியது. எங்கள் தலைமுறையில் பலர் முதன்முதலில் இணையத்தில் தமிழில் எழுதியது அங்கேதான். 2014 செப்டம்பர் 30 அன்று அதை மூடினார்கள். தங்கள் பதிவையும் படங்களையும் எடுத்துக்கொள்ள 2016 செப்டம்பர் வரை அவகாசம் கொடுத்தார்கள். எத்தனை பேர் எடுத்தோம்? எங்கள் வட்டத்தில் விசாரித்தபோது ஒருவர்கூட இல்லை. கல்லூரி விடுதியில் நடந்த சாதிப் பாகுபாட்டை முதன்முதலாக எழுதிப் பார்த்தது ஆர்குட்டில்தான் என்று ஒரு தோழர் சொன்னார். என்ன எழுதினார் என்று அவருக்கே இப்போது நினைவில்லை.

யாகூ குழுமங்களில் சாதியைப் பற்றிய செய்திகளையும் விவாதங்களையும் ஆண்டுக்கணக்கில் சேர்த்த குழுமங்கள் இருந்தன. 2019 இறுதியில் யாகூ அந்த உள்ளடக்கத்தையெல்லாம் நீக்கப் போவதாக அறிவித்து, நகலெடுக்கச் சில மாத அவகாசம் மட்டும் கொடுத்தது. 2020 டிசம்பரில் குழுமங்களே மூடப்பட்டன. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. மைஸ்பேஸ் மூடப்படவே இல்லை. ஆனால் சர்வர் மாற்றும்போது 2015 வரை பயனர்கள் ஏற்றிய பாடல்களும் படங்களும் தொலைந்துவிட்டன என்று 2019இல் ஒப்புக்கொண்டது.

நிறுவனம் நம்மை வெளியேற்றுவது ஒரு வகை, நாமே கோபத்தில் வெளியேறுவது இன்னொரு வகை. 2018 நவம்பரில் ட்விட்டர் தலைவர் ஜாக் டோர்சி, பார்ப்பனிய ஆணாதிக்கத்தை நொறுக்குவோம் என்று எழுதிய பதாகையைக் கையில் பிடித்த படம் வெளியானது. அந்தப் பதாகையின் ஓவியம் தலித் செயற்பாட்டாளர் தேன்மொழி சௌந்தரராஜனுடையது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்நிறுவனத்தின் அதிகாரி மன்னிப்புக் கேட்டார். மறு ஆண்டு நவம்பரில், கணக்குகளை முடக்குவதிலும் நீலக்குறி கொடுப்பதிலும் சாதிப் பாகுபாடு இருக்கிறது என்று தலித், பகுஜன் எழுத்தாளர்கள் போராடினார்கள். அதே நாட்களில் பலர் மாஸ்டடானுக்குப் போனார்கள். போனவர்கள் ஒன்றைக் கண்டார்கள்: புதிய வீட்டுக்குப் பழைய வீட்டிலிருந்து ஒரு பதிவும் தானாக வந்து சேராது. கையில் நகல் இருந்தவர்களுக்கு மட்டுமே தாங்கள் எழுதியது மிஞ்சியது.

ரோஹித்தின் பதிவுகள்

முகநூல் பதிவுக்கு என்ன மதிப்பு என்று கேட்ட மாணவர்களுக்கு நாங்கள் காட்டுவது ஒரு புத்தகத்தை. 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவை இழந்தோம். அவருடைய கடைசிக் கடிதத்தை உலகமே படித்தது. ஆனால் அந்தக் கடிதத்துக்கு முன் பல ஆண்டுகள் அவர் முகநூலில் எழுதிக்கொண்டே இருந்தார். அறிவியல், அரசியல், அம்பேத்கர், அன்றாடக் கோபம், கிண்டல் எல்லாம் அதில் இருந்தன. பத்திரிகையாளர் நிகிலா ஹென்றி அந்தப் பதிவுகளைத் தொகுத்து, 2017இல் அவை ரோஹித்தின் இணைய நாட்குறிப்பாகப் புத்தக வடிவில் வந்தன.

அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் ரோஹித் நமக்கு ஒரு கடிதமாக, ஒரு சுவரொட்டிப் படமாக மட்டும் நின்றிருப்பார். பதிவுகள் இருந்ததால்தான் அவர் சிந்தனை எப்படி நகர்ந்தது என்று பார்க்க முடிகிறது. நாளை ஒரு சமூகவியல் மாணவர் நம் காலத்தைப் பற்றி ஆய்வு செய்ய வந்தால், செய்தித்தாளில் வராத உள்ளூர்ப் போராட்டத்துக்கு அவருக்கு இருக்கப்போகும் ஒரே ஆதாரம் உங்களுடைய பதிவாக இருக்கலாம்.

நகல் எடுக்கும் உரிமை எப்படி வந்தது

இந்தப் பொத்தான் நிறுவனங்கள் தயவாகப் போட்ட பிச்சை என்று நினைக்க வேண்டாம். முகநூல் 2010 அக்டோபரில் தகவலைத் தரவிறக்கும் வசதியைக் கொண்டுவந்தது. கூகுள் 2011இல் 'டேக்அவுட்' தொடங்கியது. அதே 2011இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த மாக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற சட்ட மாணவர், ஐரோப்பியச் சட்டத்தைக் காட்டி, தன்னைப் பற்றி முகநூல் வைத்திருக்கும் எல்லாவற்றையும் கேட்டார். 1,222 பக்கங்கள் வந்தன. தான் அழித்துவிட்டதாக நினைத்த செய்திகளும் அதில் இருந்தன! அவர் அதை வைத்து வழக்காடினார். 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி, தன் தரவை எடுத்துக்கொண்டு போகும் உரிமையைச் சட்டமாகவே எழுதியது. இன்ஸ்டாகிராம் தரவிறக்கும் வசதியைக் கொடுத்தது அந்தச் சட்டம் வருவதற்குச் சில வாரங்கள் முன்புதான்.

இந்தியாவில் 2019 மசோதாவில் அந்த உரிமை இருந்தது. 2023இல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது இல்லை. அழிக்கக் கேட்கும் உரிமை இருக்கிறது, எடுத்துப்போகும் உரிமை இல்லை. ஆகவே நமக்குக் கிடைத்திருக்கும் பொத்தானை இருக்கும்போதே பயன்படுத்திக்கொள்வதுதான் புத்தி.

சாட்சியம்

2017இல் யூடியூபின் தானியங்கி வடிகட்டி, வன்முறைக் காட்சி என்று சொல்லி சிரியப் போரின் ஏராளமான காணொளிகளை நீக்கியது. அவற்றில் பல, போர்க்குற்றத்துக்கு மக்களே எடுத்த சாட்சியம். 'சிரியன் ஆர்க்கைவ்' என்ற குழு முன்கூட்டியே பலவற்றை நகலெடுத்து வைத்திருந்ததால் ஒரு பகுதி தப்பியது. வன்கொடுமைக் காட்சியைப் பதிவேற்றும் நமக்கும் இதே ஆபத்து இருக்கிறது.

நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றுக்கு என்ன பலம் என்பதைக் கோகுல்ராஜ் வழக்கு காட்டியது. முக்கிய சாட்சி பிறழ்ந்த பிறகும், திருச்செங்கோடு கோயிலின் சிசிடிவி பதிவு நின்றது. 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளியின் தண்டனையை உறுதி செய்தது. மனிதர்களை மிரட்டலாம், விலை பேசலாம். முறையாகக் காக்கப்பட்ட பதிவை அவ்வளவு எளிதாக மிரட்ட முடியாது.

முறையாக என்பது முக்கியம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலோடு ஒரு சான்றிதழைக் கேட்கிறது. கோப்பின் 'ஹாஷ்' எண்ணையும் அதில் எழுத வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். இணையத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்துவதும் பொதுப்பார்வையில் இழிவுபடுத்துவதாகவே கொள்ளப்படும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2022இல் சொன்னது. உங்களைத் திட்டி வந்த கமெண்டும் வழக்கின் ஆதாரம்தான். அருவருப்பாக இருக்கிறது என்று உடனே அழித்துவிடாதீர்கள்.

என்ன செய்ய வேண்டும்

முதலில், இன்றிரவு வெளியேறியே தீர வேண்டும் என்றால், 'நீக்கு' என்பதை அழுத்தாமல் கணக்கைத் தற்காலிகமாக முடக்குங்கள். முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் அந்த வசதி இருக்கிறது. யாரும் உங்களைப் பார்க்க முடியாது, ஆனால் எதுவும் அழியாது. நிரந்தரமாக நீக்கினால் மனம் மாறுவதற்கு உங்களுக்கு இருப்பது 30 நாள்தான். எக்ஸ் என்று பெயர் மாறிய ட்விட்டரில் முடக்குவதே 30 நாளில் நிரந்தரமாகிவிடும். அதை மறக்காதீர்கள்.

அடுத்து, செட்டிங்ஸில் உங்கள் தகவலைத் தரவிறக்கும் பகுதிக்குப் போங்கள். தொடக்கம் முதல் இன்று வரை என்ற காலத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே முன்கூட்டியே குறித்திருக்கும் காலம் குறைவாக இருக்கலாம். படத்தின் தரத்தை உயர்ந்ததாக வையுங்கள். எச்டிஎம்எல் வடிவம் கேட்டால் நாமே திறந்து படிக்கலாம். கோப்பு தயாராக சில மணி நேரமோ சில நாளோ ஆகும். தயாரானதும் வரும் லிங்க் சில நாட்களில் காலாவதியாகிவிடும். இறக்கிய பின் ஜிப்பைத் திறந்து, ஐந்தாறு பழைய பதிவுகள் உண்மையில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அடுத்த வேலை.

அந்தக் கோப்பில் எல்லாம் வந்துவிடும் என்று நம்பாதீர்கள். உங்கள் பதிவின் கீழே மற்றவர்கள் எழுதியது, குழுக்களில் பிறர் போட்டது ஆகியவற்றைத் தனியாக எடுக்க வேண்டும். முக்கியமான விவாதங்களை முகவரியும் தேதியும் தெரியும்படி பிடிஎஃப் ஆகவோ ஸ்கிரீன்ஷாட்டாகவோ எடுங்கள். முகநூல், படத்தைச் சுருக்கிவிடும். எடுத்த நேரமும் இடமும் சொல்லும் உள்விவரத்தையும் நீக்கிவிடும். ஆகவே போனில் இருக்கும் மூலப்படம்தான் சான்று. வாட்ஸ்அப் தரும் கணக்கு விவர அறிக்கையில் உரையாடல்கள் இருக்காது. ஒவ்வொரு சாட்டையும் தனித்தனியே எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். வழக்கு நடந்துகொண்டிருந்தால் வழக்கறிஞரைக் கேட்காமல் கணக்கையும் அழிக்க வேண்டாம், போனையும் மாற்ற வேண்டாம்.

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் என்பது நல்ல கணக்கு. ஒரு பென் டிரைவை மட்டும் நம்பினால் அதுவும் ஓலைக்கூரைதான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அந்த ஜிப்புக்குள் உங்கள் வாழ்க்கை மட்டும் இல்லை. உங்களை நம்பிப் பேசிய பெண்களின் பெயர்கள், தலைமறைவாகத் தங்கியிருந்த காதல் இணையர்களின் முகவரிகள், சாட்சிகளின் போன் எண்கள் இருக்கும். கடவுச்சொல் போட்டுப் பூட்டாமல் அதை யாரிடமும் கொடுக்காதீர்கள், கஃபே கம்ப்யூட்டரில் இறக்காதீர்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படியும் குற்றம். வழக்குக்கோ வரலாற்றுக்கோ தேவைப்படாத, பிறரை ஆபத்தில் தள்ளக்கூடிய தனிப்பேச்சை அழித்துவிடுவதே அறம். எதைக் காப்பது என்று யோசிக்கிற அளவுக்கு எதை விடுவது என்றும் யோசிக்க வேண்டும்.

வெளியேறுவது நம் உரிமை. ஊர் நம்மை வெளியேற்றியபோதெல்லாம் கட்டிய துணியோடு ஓடியிருக்கிறோம். இப்போது நாமே முடிவெடுத்துப் போகிறோம் என்றால், பெட்டியைக் கட்டிக்கொண்டு போவதற்கு ஒரு நாள் எடுத்துக்கொள்ளலாம். கோலார் தங்கவயலின் சின்ன வீடுகளில் 'தமிழன்' இதழ்களை அடுக்கி வைத்தவர்கள், யார் வந்து கேட்பார்கள் என்று தெரியாமலேதான் வைத்திருந்தார்கள்.

எங்கள் தோழர் இப்போது மறுபடியும் எழுதுகிறார், வேறு பெயரில், வேறு கணக்கில். மாதக் கடைசி ஞாயிறு எங்கள் அலுவலகத்துக்கு வருவார். போனிலிருந்து படங்களை ஹார்டு டிஸ்கில் ஏற்றி, ஊர், தேதி எழுதிப் பெயர் வைத்து, இன்னொரு நகலை வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டுப் போவார். போன மாதம் அவரோடு அந்த வகுப்பில் படித்த இரண்டு மாணவர்களும் வந்திருந்தார்கள். இந்த ஞாயிறு நீங்களும் உங்கள் கணக்கின் நகலைக் கேட்டு வையுங்கள். அழிக்கும் எண்ணம் இன்று இல்லாவிட்டாலும்.